இடிப்பதற்கு முன் எங்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்

நாகப்பட்டினம் கடைத்தெருவில் பழைய கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் (சரக்குக் கிடங்குகளுக்கும்) சொந்தக்காரர்களாக இருக்கும் குடும்பத்தாருக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ தெரிந்திருக்கும். கடைத்தெருவில் கயிறு, வலை, மிதவை, தார்ப்பாய் விற்கிறவன். உங்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் நின்றால் எனக்கு லாபம். ஆகவே நான் எழுதுவதை அந்தக் கணக்கோடே படியுங்கள்.

தனித்தனியாகக் கடிதம் போடாமல் இப்படி எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டடங்களில் பலவற்றுக்குப் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. வாரிசுகள் சென்னையில் நாலு பேர், கோலாலம்பூரில் இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒருவர் என்று சிதறி இருக்கிறீர்கள். ஒருவருக்கு எழுதினால் அது அவர் மேசையோடு நின்றுவிடும். கடைசியில் எல்லாரையும் ஒரே நாளில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூட்டுவது நிலத் தரகர்தான். அதற்கு முன்பாக என் மடல் வந்து சேரட்டும் என்று பார்க்கிறேன்.

சமீபத்தில் எங்கள் வரிசையில் ஒரு கிட்டங்கிக்கு ஆள் வந்தது. டேப் பிடித்து முன்பக்கம், பின்பக்கம், சந்துப் பக்கம் என்று அளந்தார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. ஆனால் நீங்களும் உள்ளே வந்து பல வருஷம் ஆகிறது. அதனால் உங்கள் சொத்துக்குள் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன்.

தெருவைப் பார்த்த முகப்பு குறுகல். ஆழம்தான் அதிகம். திண்ணை இருந்த இடத்தைச் சாக்கடை எடுத்துக்கொண்டது. கடைக்கு இன்னமும் பலகைக் கதவுதான். மேலும் கீழும் மரச்சட்டத்தில் காடி வெட்டி, ஒவ்வொரு பலகையாகச் செருகி அடைக்க வேண்டும். வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. அதற்காகவே ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் தமிழ் எண் வெட்டி வைத்திருக்கிறார்கள். ௰ என்று வெட்டிய பத்தாம் பலகை காலையில் முதலில் வெளியே வரும், ராத்திரி கடைசியில் உள்ளே போகும். கடைப் பையன்களுக்கு அந்த எண்கள் புரியவில்லை என்று பக்கத்திலேயே பெயிண்டில் 1, 2, 3 போட்டோம். என் எதிர்க்கடைக்காரர் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பு ஷட்டர் மாட்டினார். உப்புக்காற்றில் அது அரித்துப்போய், கீழே ஓட்டை விழுந்து, எலி நுழைகிறது. பலகை பர்மாத் தேக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் காட்டினால் போதும்.

உள்ளே போனால் கடைக்கூடம். உத்திரத்தில் ஒரு பெரிய இரும்புக் கொக்கி தொங்கும். மூட்டை நிறுக்கிற தராசு அதில்தான் மாட்டியிருந்ததாம். நான் வாழைத்தார் தொங்கவிடுகிறேன். அதைத் தாண்டினால் கணக்கறை, அப்புறம் சரக்கு காய வைக்க முற்றம், அதன் பிறகு கிட்டங்கி. கிட்டங்கித் தரை தெருவை விட இடுப்பளவு உயரம். சுவர் கை முழ அகலம். மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், சாய்வாக வெட்டிய காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. காற்று வரும், சாரல் வராது. மார்கழியில் தெருவே ஈரமாக இருக்கும்போதும் உள்ளே வைத்த கயிற்றுச் சுருள் பூஞ்சை பிடிக்காது. இத்தனைக்கும் நான் அங்கே ஒரு காற்றாடிகூடப் போடவில்லை.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பு வார்த்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். கம்பி கிடையாது. கடலோரத்தில் கம்பி இல்லாத கூரைக்கு என்ன அருமை என்று, அக்கரைப்பேட்டைப் பக்கம் கான்கிரீட் வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடித்து ஊதும், சிமெண்ட் பத்தை பத்தையாகப் பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழும். கிட்டங்கியை இடித்துவிட்டுக் கட்டப்போகிற நாலு மாடிக்கும் அதே காற்றுதான் அடிக்கும். நூறு வருஷத்துக் கட்டடத்தைக் கொடுத்து எத்தனை வருஷத்துக் கட்டடத்தை வாங்குகிறீர்கள் என்று உங்கள் பொறியாளரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

சரி, இவ்வளவு பெரிய கிட்டங்கி இங்கே எதற்கு? உங்கள் குடும்பக் கதையில் பாதி இதில் இருக்கிறது. நாகைக்குக் கப்பல் வந்தாலும் கரைக்கு ஒட்டி வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். கடல் கொந்தளித்தால் சரக்கு கரையிலேயே கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அப்படிக் கிடக்கிற அரிசியும் துணியும் புகையிலையும் நனையாமல், உளுக்காமல் இருக்க இடம் வேண்டும். கடல் கடந்து வந்த கொட்டைப்பாக்கை வைக்கவும் இடம் வேண்டும். கடலைப் பார்த்துக் காத்திருந்த தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இந்தக் கட்டடம்.

டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்து, 1690-ல் பழவேற்காட்டில் இருந்த தங்கள் சோழமண்டலத் தலைமை இடத்தையே இங்கே கொண்டுவந்தார்கள். 1781-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். நம் கடைத்தெருவுக்கு முக்கியமான வருஷம் 1861. அந்த வருஷம் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்டார்கள், அடுத்த வருஷம் திருச்சி வரை நீட்டினார்கள். டெல்டா நெல் மாட்டுவண்டிக்குக் காத்திருக்காமல் துறைமுகத்துக்கு வந்தது. நீராவிக் கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் முகாமும் இங்கே இருந்தது. ஆவடியில் ஒன்று, நாகையில் ஒன்று. அந்த முகாமில் கப்பலுக்காகக் காத்திருந்தவர்களின் கதையைச் சொல்ல இந்த மடலில் இடம் போதாது. ஆனால் இந்தத் தெருவின் செல்வத்தில் அவர்கள் வேர்வையும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் இறங்குமுகம். ரயில்வே பட்டறை 1928 வாக்கில் திருச்சி பொன்மலைக்குப் போனது. 1926 முதல் மலாயாப் பக்கம் பயணிகளை ஏற்றி ஓடிய ரஜூலா கப்பலை 1973-ல் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் வந்த எம்.வி. சிதம்பரம் 1980-களில் கடலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின, அதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. உங்கள் குடும்பங்கள் ஊரை விட்டுப் போனதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். வியாபாரம் படுத்ததால் இடித்துக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. கட்டடங்கள் பிழைத்தன. யாரும் பாதுகாத்து வைத்ததாக நினைக்க வேண்டாம். சும்மா விட்டார்கள், நின்றது. 2004 சுனாமியும் 2018 கஜா புயலும் வந்தன. கஜாவில் பக்கத்துத் தகரக் கொட்டகை பறந்து போய் எங்கள் மாடிச் சுவரில் மோதியது. சுவரில் கீறல்தான் விழுந்தது.

இப்போது மறுபடி காசு நடமாட ஆரம்பித்திருக்கிறது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். விட்டு விட்டு ஓடினாலும் மனை விலைக்கு அது போதும். வறுமை காப்பாற்றியதை வசதி இடிக்கும்போலிருக்கிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒன்றை இந்த ஊர் ஏற்கெனவே இடித்துப் பார்த்திருக்கிறது. சோழர் காலத்துப் புத்த விகாரையோடு சேர்ந்ததாகச் சொல்லப்படும் செங்கல் கோபுரம் ஒன்று நாகையில் இருந்தது. மூன்று நிலை. கடலில் வருகிற மாலுமிகளுக்கு அது அடையாளம். வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்று கூப்பிட்டார்கள். பாழடைந்திருந்தது, ஆனால் நின்றது. 1867-ல் அரசு அனுமதியோடு அதை இடித்தார்கள். ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடத்துக்கு வேறு தேவை இருக்கிறது என்றுதான் அப்போதும் பேசியிருப்பார்கள். நாகையில் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகளைப் பார்க்க இன்றைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். கோபுரத்தைப் பார்க்க எங்கேயும் போக முடியாது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வாடகை கேவலமாக இருக்கிறது என்கிறீர்கள். உண்மை. சில கடைகளுக்கு வருகிற வாடகையில் உங்கள் வீட்டுப் பால் கணக்கைக்கூடத் தீர்க்க முடியாது. அந்த வருமானத்துக்கு யார் கூரை ஓடு மாற்றுவார்கள்? நீங்கள் பழுது பார்ப்பதில்லை என்று நாங்கள் வாடகை ஏற்றுவதில்லை. நாங்கள் ஏற்றுவதில்லை என்று நீங்கள் பழுது பார்ப்பதில்லை. இரண்டு தலைமுறையாக இந்த வழக்குதான். நடுவில் அரசங்கன்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடகையை இருவரும் பேசி எழுத்தில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். கட்டடத்தை இடிக்கவோ பழுது பார்க்கவோ வேண்டும் என்று சொல்லி எங்களைக் காலி செய்யக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. ஆக, எங்களை வெளியேற்ற முடியாததால்தான் விற்கிறோம் என்று இனிமேல் சொல்ல முடியாது. பேரம் பேச நாங்கள் தயார். எங்கள் வரிசையில் பேசிப் பார்த்தவரை, நியாயமாக ஏற்றினால் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். எங்கள் நிபந்தனை ஒன்றுதான்: ஏற்றுகிற பணத்தில் ஒரு பங்கு சில வருஷத்துக்குக் கட்டடத்துக்கே போக வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

உங்களில் இளையவர்கள் சிலர் வேறு யோசனை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கடைகளைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஹெரிடேஜ் ஓட்டலாக்கி விடலாம் என்று. இடிப்பதை விட அது எவ்வளவோ மேல். தரங்கம்பாடியில் டேனியக் கவர்னர் மாளிகையைச் செப்பனிட்டதையும், சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகள் சிலவற்றைச் சுண்ணாம்புக் காரையிலேயே சரி செய்ததையும் போய்ப் பார்த்தேன். நேர்த்தியான வேலை. ஆனால் தரங்கம்பாடி 1845-ல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு துறைமுகமாகத் தேய்ந்து அடங்கிய ஊர். நாகைக் கடைத்தெருவில் இன்றைக்கும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மூட்டை இறங்குகிறது. இதை ஏன் ஓட்டலாக்க வேண்டும்?

பினாங்கைப் பாருங்கள். உங்கள் தாத்தாக்கள் கடை வைத்த ஊர், சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பேரில் தர்கா எழுப்பிய ஊர். அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் வருஷம் பிறந்தபோது விலகியது. வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாகக் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்தவர்கள் நிறையப் பேர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முகப்புகள் பிழைத்தன, பார்க்க அழகாகவும் இருக்கின்றன. காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் உள்ளே வந்தன. வாளி, சாம்பிராணி, பாய் விற்றவர்கள் போனது போனதுதான். கட்டடத்தைக் காப்பாற்றி வியாபாரத்தைத் தொலைக்கலாம் என்பதற்கு அவ்வளவு தூரம் போகாமலே உதாரணம் கிடைக்கும், இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்த ஊர் என்பதால் சொன்னேன்.

இன்னொரு பயமும் உங்களுக்கு உண்டு. பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஓர் ஆணையம் அமைக்க 2012-லேயே நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. பட்டியலில் பேர் ஏறிவிட்டால் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் இடித்துவிடுவோம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பயத்தில் நியாயம் இருக்கிறது. கோயிலையும் கோட்டையையும் நடத்துகிற மாதிரி ஒரு மளிகைக் கடையை நடத்த முடியாது. பரண் மாற்ற வேண்டியிருக்கும், குளிர்பெட்டிக்கு மின்கம்பி இழுக்க வேண்டியிருக்கும். முகப்பு, உத்திரம், கூரை, முற்றம் இவற்றைத் தொடாதே, மற்றதை உன் வசதிக்கு வைத்துக்கொள் என்கிற அளவில் விதி இருந்தால் யாரும் ஓட மாட்டார்கள். நகராட்சியில் இருக்கிறவர்களும் இதைப் படித்தால், சொத்து வரியில் கொஞ்சம் சலுகை கொடுக்க முடியுமா என்று யோசிக்கட்டும். நடைமுறையில் உங்களைத் தடுத்து நிறுத்துவது சட்டத்தை விடக் காசுதான்.

நீங்கள் பழுது பார்க்க முடிவெடுத்தால் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து முன்பு ஒரு வாரிசு கீழ்ச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிப் போனார். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. ஈரமும் உப்பும் உள்ளேயே நின்று, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகப் போயிருக்கிறது. விரலால் சுரண்டினால் சிவப்புப் பொடி கொட்டுகிறது. பக்கத்தில் பூசாமல் விட்ட மூன்று முழம் சுவர் கல்லு மாதிரி இருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இல்லாமல் போகவில்லை. கோயில் திருப்பணிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. வரிசைக் கடைசியில் உத்திரம் முழுக்கக் கரையான் தின்று கூரை இறங்கிய ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஆட்கள் நடக்கிறார்கள். அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்கும்போது கதவு, தூண், உத்திரத்தைக் காரைக்குடிப் பழையசாமான் கடைக்கு எடை போட்டு விற்காமல், மற்ற கட்டடங்களின் பழுதுக்குக் கொடுங்கள். இடிக்கும் முன் யாரையாவது வைத்து அளந்து படம் வரைந்து வையுங்கள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள். மற்றவை நன்றாகவே நிற்கின்றன. மழைத் தண்ணிக் குழாயைச் சரி செய்து, அரசங்கன்றை வேரோடு எடுத்து, தட்டோட்டில் விட்டுப்போன இடத்தை அடைத்தால் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். கன்றை மேலே மட்டும் நறுக்கிவிட்டுப் போனால் அடுத்த மழையில் இரண்டாகக் கிளைக்கும். வேர் சாக வேண்டும். இதை நான் செய்யத் தயார், ஆனால் மாடிக்குப் போக வழியில்லை. மாடியைப் பூட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூட்டு உங்களுடையது.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் இந்தப் பக்கம் வருவீர்கள். வராதவர்கள் நாகூர் கந்தூரிக்கோ நீலாயதாட்சியம்மன் கோயிலுக்கோ வருவீர்கள். அப்போது ஒரு மாலை கடைத்தெருவுக்கும் வாருங்கள். விற்பதானாலும் உள்ளே பார்த்துவிட்டு விற்கலாம் அல்லவா? எங்கள் வரிசை வாடகைக்காரர்கள் எல்லோரும் இருப்போம், வாடகைக் கணக்கை எழுதி எடுத்து வருகிறோம். நீங்கள் பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள். மாடிச் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று அதற்குள் கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்க ஒரு வரி எழுத்தில் அனுமதி கொடுத்தால் போதும், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை வேலையை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கடைத்தெருக் கயிற்றுக்கடைக்காரன்
நாகப்பட்டினம்